சிறு பண்ணையில் ஆடும் கோழியும்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

நான்கைந்து ஆடு, பத்துப் பன்னிரண்டு கோழி உள்ள இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவை. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், கை கடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். "மருத்துவர்" என்ற சொல் வரும் இடத்தில் கைவைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும்.

எதுவானாலும் முதல் பத்து நிமிடம்

மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். பாசி, செத்த எலி, வெயிலில் சூடேறிய நீர், அடைத்துக்கொண்ட குழாய் என்று பாதிக் கோளாறு அங்கேயே அகப்படும். அடுத்து, கடைசி மூன்று நாளில் என்ன மாறியது என்று யோசியுங்கள்: புதுத் தீவன மூட்டை, புது மேய்ச்சல் இடம், புதிதாக வந்த ஆடு, மழை.

சுணங்கியது ஒன்றா, பலவா? ஒன்று மட்டும் என்றால் காரணம் பெரும்பாலும் அதன் உடம்பில் இருக்கும். ஒரே நாளில் மூன்று நான்கு என்றால் தீவனம், தண்ணீர், தொற்று இந்த மூன்றில் ஒன்று.

ஆட்டின் காய்ச்சலை ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. உச்சி வெயிலில் 40 காட்டினால் நிழலில் கட்டி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நிழலிலும் 40-க்கு மேல் நின்றால் அது காய்ச்சல்.

வெப்பமானி, அளவுநாடா, கைவிளக்கு, ஊசி இல்லாத 60 மி.லி. சிரிஞ்சு, ஒரு நோட்டு ஆகிய ஐந்தும் கொட்டிலிலேயே இருக்கட்டும்.

ஆட்டின் இடது வயிறு உப்பியிருக்கிறது

கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் கீழே இடப்பக்கம் ஒரு குழி உண்டு. வயிறு நிறையத் தின்ற ஆட்டுக்கு வயிறு கீழே அகலமாகத் தொங்கும். குழி மெத்தென்று இருக்கும், ஆடு அசைபோடும். உப்புசம் என்றால் அந்தக் குழியே மேடாகிவிடும். விரலால் தட்டினால் மேளம்போல் ஒலிக்கும். ஆடு வயிற்றை உதைக்கும், பல்லைக் கடிக்கும், அசைபோடாது.

*நிற்கிறது, மூச்சு சீராக இருக்கிறது:* எல்லாத் தீனியையும் எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து, தொண்டையில் கிழங்குத் துண்டோ பழமோ சிக்கியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். எச்சில் வடிந்துகொண்டே இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. குச்சியால் தள்ளாதீர்கள், அது மருத்துவர் வேலை. தொண்டை சுத்தமாக இருந்தால் முன்னங்கால்களை மேட்டில் நிறுத்தி, இடது வயிற்றை உள்ளங்கையால் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். வளர்ந்த ஆட்டுக்கு 100 மி.லி. சமையல் எண்ணெய் கொடுக்கலாம். சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக வைத்து, தலையை நிமிர்த்தாமல் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு மடக்கு விழுங்கியபின் அடுத்ததை விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். உப்புசத்தில் தப்பித்த ஆடு நிமோனியாவில் சாகும். மெல்ல நடத்துங்கள். அரை மணி நேரத்தில் ஏப்பம் வந்து வயிறு தளரவில்லை என்றால் மருத்துவர்.

*தானியம் தின்றுவிட்டது:* இது வேறு நோய், எண்ணெய் இதற்குத் தீர்வாகாது. கோழித் தீவன மூட்டையை ஆடு கிழித்துத் தின்பதுதான் ஆடும் கோழியும் சேர்ந்திருக்கும் பண்ணையின் முதல் விபத்து. தின்ற அன்று ஆடு உற்சாகமாகவே இருக்கும். 12 முதல் 36 மணி நேரம் கழித்துத்தான் தள்ளாட்டம், புளித்த வாடையுடன் நீராகக் கழிச்சல், வயிற்றில் தண்ணீர் குலுங்கும் சத்தம் எல்லாம் தெரியும். அதுவரை காத்திருந்தால் பிழைப்பது கடினம். கிலோக்கணக்கில் தின்றது உறுதி என்றால் அறிகுறி வரும் முன்பே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை உலர்ந்த புல் மட்டும் கொடுங்கள். மூட்டையின் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்திருங்கள். சில கோழித் தீவனங்களில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். பண்ணையில் குதிரை இருந்தால் அதற்கு அது சிறு அளவிலேயே உயிருக்கு ஆபத்து.

*படுத்துவிட்டது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது:* மருத்துவர், இந்த நிமிடமே. நீங்களாக வயிற்றைக் குத்தாதீர்கள்.

மறுபடி வராமலிருக்க: தீவன அறைக்குத் தாழ்ப்பாள் இரண்டு போடுங்கள், ஒன்றை ஆடு நாக்கால் திறந்துவிடும். பனி காயாத பயறுவகைப் பசுந்தீவனத்தில் வெறும் வயிற்றோடு விடாதீர்கள், முதலில் உலர்தீவனம் தின்னட்டும். புதுத் தீவனத்தைப் பழையதோடு கலந்து 7 முதல் 10 நாளில் படிப்படியாக மாற்றுங்கள்.

ஆடு மெலிகிறது, மயிர் பொலிவிழக்கிறது, தாடைக்கீழ் வீங்குகிறது

கீழ் இமையைக் கட்டைவிரலால் இறக்கி, பகல் வெளிச்சத்தில் உள்சவ்வின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு என்றால் இரத்தம் போதுமான அளவு இருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பும் வெள்ளையும் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுவைக் காட்டும். மேய்ந்துவிட்டு மாலையில் வரும்போது தாடைக்கீழ் பை தொங்கி, காலையில் வற்றியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் இமை பாருங்கள். பத்து ஆட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

1. முதலில் பசியா என்று பாருங்கள். வலுத்த ஆடு முட்டித் தள்ளுவதால் தீவனமே கிடைக்காத ஆடு உண்டு. தீவனத் தொட்டியில் ஓர் ஆட்டுக்கு 40 செ.மீ. இடம் இருக்கட்டும். பற்களையும் பாருங்கள். பல் விழுந்த கிழ ஆட்டுக்கு எந்த மருந்தும் சதை போடாது.

2. இமை வெளிறியிருந்தால் சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புதுப் புழுக்கை ஐந்தாறு போதும், அன்றே போய்ச்சேர வேண்டும்.

3. மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள். தராசு இல்லையென்றால் நாடா போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளம், இரண்டும் செ.மீ.யில். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,838-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 70, நீளம் 65 என்றால் சுமார் 29 கிலோ. கண் மதிப்பில் 22 கிலோ என்று குறைத்துக் கொடுத்தால் பலவீனமான புழு சாகும், மருந்தைத் தாங்கும் புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். மாட்டுக்கான அளவு ஆட்டுக்கு எடுபடாத மருந்துகளும் உண்டு. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்பென்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது.

4. கொடுத்து 10 முதல் 14 நாளில் சாணத்தை மறுபடி பாருங்கள். புழு முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் மந்தைக்குப் பலிக்கவில்லை.

நாட்காட்டி பார்த்து எல்லா ஆட்டுக்கும் மாதந்தோறும் மருந்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுப்பதே மருந்தைப் பல ஆண்டு காக்கும். புழுவின் குஞ்சுகள் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம். புல் பத்து செ.மீ.க்குக் கீழே போகும் முன் இடத்தை மாற்றுங்கள்.

மருத்துவர்: இமை காகிதம்போல் வெளுத்திருந்தால். அந்த ஆட்டை ஓட்டாதீர்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். ஓடிய ஓட்டத்திலேயே விழுந்து செத்துவிடும். சதுப்பில் மேய்ந்த ஆட்டுக்குத் தாடை வீங்கினால் கல்லீரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

ஆட்டுக்குக் கழிச்சல்

தீனி மாறி, புழுக்கை கூழாகி, ஆடு தெம்பாக அசைபோட்டால்: ஒரு நாள் உலர்தீவனமும் தண்ணீரும் மட்டும். மறுநாள் சரியாகிவிடும்.

மூன்று வாரம் முதல் நான்கைந்து மாதம் வரையிலான குட்டிக்குக் கழிச்சல் வந்தால், கொட்டில் ஈரமாகவும் நெருக்கமாகவும் இருந்தால், இரத்தக்கழிச்சல் நோயை நினையுங்கள். ஆட்டுக்குட்டிக்கு இரத்தம் தெரியாமல் வெறும் நீராகவும் போகும். கூளத்தை மாற்றி, தீவனத் தொட்டியைக் குட்டி ஏறி மிதிக்காத உயரத்தில் மாட்டி, சாணப் பரிசோதனை செய்யுங்கள். காய்ந்து கிடக்கும் குட்டிக்கு முதலில் வேண்டியது நீர்: வாய்வழி நீர்ச்சத்துக் கரைசலைச் சிறிது சிறிதாக, நாலைந்து முறை.

கொழுத்த, நன்றாகத் தின்னும் குட்டி திடீரெனத் துள்ளி விழுந்து வலிப்பு வந்தால் அது துள்ளுமாரி. வந்தபின் காப்பாற்றுவது அரிது, தடுப்பூசிதான் வழி.

மருத்துவர்: கழிச்சலோடு காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண் மூன்றும் சேர்ந்தால். ஆட்டுக்கொல்லி நோய் இப்படித்தான் தொடங்கும். அன்றே நோயுற்ற ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துவிடுங்கள்.

நொண்டுகிறது

குளம்பைக் கவிழ்த்துப் பாருங்கள். இடுக்கில் கல், முள், மடங்கி வளர்ந்த ஓரம் இவைதான் பத்துக்கு எட்டு. குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவி, மேல் விளிம்புக்கு இணையாகத் தட்டையாக்குங்கள். இளஞ்சிவப்புத் தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் இரத்தம். இடுக்கில் அழுகிய நாற்றம் வந்தால் சீவியபின் 10 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலில் (ஒரு லிட்டருக்கு 100 கிராம்) 15 நிமிடம் நிறுத்தி, காய்ந்த தரையில் விடுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். குடிக்க விடாதீர்கள்.

மருத்துவர்: மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அல்லது பல ஆடு ஒன்றாக நொண்டி, வாயில் கொப்புளமும் எச்சிலும் இருந்தால். பின்னது கோமாரி, அரசுக் கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டியது.

கிடா முக்குகிறது

மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்குவது இங்கேதான். உலர்ந்த தரையில் ஒரு மணி நேரம் தனியே அடைத்துப் பாருங்கள். தரை நனையவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் சிறுநீர்க்கல். மருத்துவர், உடனே, இரவானாலும். ஓரிரு நாளில் சிறுநீர்ப்பை வெடித்துவிடும். வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காயடித்த கிடாவுக்கு இது அதிகம் வரும். அதற்குத் தானியம் தேவையே இல்லை. வளர்ப்புக்காகக் கிடாக்குட்டி கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பிறந்த குட்டி பால் குடிக்கவில்லை

குட்டியின் வாய்க்குள் விரல் விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்து உறிஞ்சினால், குறை தாயிடம். காம்பை இரண்டு முறை பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டு, குட்டியின் வாயைக் காம்பில் வையுங்கள். காம்பு குட்டி வாய்க்குள் நுழையாத அளவு பெருத்திருந்தால் கறந்து புட்டியில் கொடுங்கள்.

வாய் ஜில்லென்று இருந்தால் முதலில் சூடு, பிறகு பால். உடல் வெப்பம் 37-க்குக் கீழே இருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே வைத்து, 38-ஐத் தாண்டியபின் சீம்பால் கொடுங்கள். கூளத்துக்கு மேலே குண்டு பல்பைத் தொங்கவிடுவதால் கொட்டில்கள் எரிந்திருக்கின்றன. வேண்டாம்.

அளவு: முதல் வேளை கிலோவுக்கு 50 மி.லி., பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள். முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ குட்டிக்குக் குறைந்தது 300 மி.லி. தொப்புள்கொடியை 7 சதவீத அயோடினில் முக்குங்கள். உறிஞ்சும் பலமே இல்லையென்றால் வாயில் ஊற்றாதீர்கள், குழாய் வழியே மருத்துவர் கொடுக்கட்டும்.

ஆடு ஓயாமல் கத்துகிறது

ஒற்றை ஆடா? அதுதான் காரணம். இன்னொரு ஆடு வரும்வரை ஓயாது. நாயோ கோழியோ துணையாகாது. இரண்டாக வாங்க இயலாதவர் ஆடே வாங்க வேண்டாம். கூட்டத்தில் இருந்தும் வாலை ஆட்டிக்கொண்டு ஓரிரு நாள் கத்தி, 18 முதல் 21 நாள் கழித்து மறுபடி கத்தினால் பருவத்துக்கு வந்திருக்கிறது.

கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது

உண்மையிலேயே நின்றதா என்று பார்ப்பதே முதல் வேலை. மூன்று நாள் நண்பகல் வரை வெளியே விடாதீர்கள். பெரும்பாலான கோழிகள் அதற்குள் இட்டுவிடும். பெட்டியில் முட்டை கிடந்தால் இதுவரை புதரில் இட்டு வந்திருக்கிறது. முட்டை இல்லாமல் மஞ்சள்கரு ஈரம் மட்டும் இருந்தால் ஏதோ ஒரு கோழி உடைத்துத் தின்கிறது. நாளுக்கு இருமுறை பொறுக்கி, பெட்டியை இருட்டாக்குங்கள்.

எந்தக் கோழி நிறுத்தியது? பின்பக்கம் துருத்தும் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு இடையே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்து, முட்டையிடும் துவாரம் ஈரமாக அகன்றிருந்தால் இடுகிறது. ஒரு விரல்தான் நுழையும், துவாரம் சுருங்கிக் காய்ந்திருக்கிறது என்றால் இடவில்லை. பிறகு காரணம் தேடுங்கள்:

- தண்ணீர். கோழிக்கு நாளுக்கு 200 முதல் 300 மி.லி., கடும் வெயிலில் இரட்டிப்பு. ஒரு பிற்பகல் தொட்டி காய்ந்தாலே சில நாள் முட்டை போகும்.
- தீனி. முட்டைக்கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம், புரதம் 16 சதவீதம். மிச்சம் மீதியும் வெறும் தானியமும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கொழுப்பு ஏறும், முட்டை குறையும்.
- அடைக்குக் கிடத்தல். பெட்டியை விட்டு எழாமல், தொட்டால் சிலிர்த்து உறுமும். அடிப்பகுதி கம்பிவலையான, காற்றோட்டமுள்ள கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நாள் வையுங்கள், தெளியும்.
- இறகு உதிர்ப்பு. கூட்டில் இறகு குவிந்தால் 8 முதல் 12 வாரம் பொறுங்கள். புரதத்தை 18 சதவீதமாக்குங்கள்.
- வெளிச்சம். பகல் 14 மணி நேரத்துக்குக் குறைந்தால் முட்டை குறையும். அதிகாலையில் விளக்கு சேர்க்கலாம், வாரம் அரை மணி நேரமாக மெல்லக் கூட்டி. வளரும் வெடைக்கோழிக்கு வேண்டாம்.
- இடமாற்றம். வாங்கி வந்து இரண்டு முதல் நான்கு வாரம் இடாது. திருப்பி அனுப்பாதீர்கள்.
- வயது. இரண்டாம் ஆண்டுக்குப் பின் குறைவது இயல்பு.

எதுவும் பொருந்தாமல், கோழி மெலிந்து கொண்டை வெளுத்தால் செள் என்ற, இரத்தம் உறிஞ்சும் சிறு உயிரி இருக்கிறதா என்று இரவில் பாருங்கள் (கீழே). அதுவும் இல்லையென்றால் மருத்துவர்.

தோல் முட்டை, ஓடு மெலிந்த முட்டை

வெடைக்கோழியின் முதல் சில முட்டை அப்படித்தான் இருக்கும். மற்றவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். தேவையானது தேவையான அளவு கொத்தும். தீவனத்தில் கலக்காதீர்கள், அந்த அளவு சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மணலும் கல்லும் அரைப்பதற்குத்தான், ஓட்டுக்கு அல்ல. வெயில் காலத்தில் தீனியை விடியலிலும் அந்தியிலும் போடுங்கள். எல்லாக் கோழியும் ஒரே வாரத்தில் சுருங்கிய ஓடும் நீர்த்த வெள்ளைக்கருவுமாக இட்டு, தும்மவும் செய்தால் தொற்று. மருத்துவர்.

இறகு கொட்டுகிறது

இடத்தைப் பாருங்கள், காரணம் தெரியும். முதுகும் பிடரியும் என்றால் சேவல். ஒரு சேவலுக்குப் பெட்டை எட்டுக்குக் குறையக் கூடாது. கழுத்தில் தொடங்கிப் பரவி, முளைக்குருத்து தெரிந்தால் வழக்கமான உதிர்ப்பு. துவாரத்தைச் சுற்றி என்றால் கொத்தலோ பேனோ. இறகின் அடியில் வெள்ளையாகத் திரண்ட ஈர் இருந்தால் பேன். இரத்தம் கசியும் கோழியை அந்த நிமிடமே பிரியுங்கள், மற்றவை கொத்தியே கொன்றுவிடும்.

சிவப்புச் செள் பகலில் கோழிமேல் இருக்காது. இரவில் கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சிவப்புக் கீற்று விழுந்தால் அது கோழியின் இரத்தம். கூளத்தை அகற்றி, கம்பைக் கழற்றி, வெந்நீரால் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடையுங்கள். முட்டைக்கோழிக் கூட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தை அடித்து, 5 முதல் 7 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை அடியுங்கள். ஒருமுறையோடு நிறுத்துவதால்தான் மறுபடி வருகிறது. கோழியே இல்லாத கூட்டிலும் இந்தச் செள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பழைய கூடு வாங்கினால் இது நினைவிருக்கட்டும்.

கோழி உப்பி, ஒடுங்கி நிற்கிறது

குஞ்சு, வயது 3 முதல் 6 வாரம், எச்சத்தில் இரத்தம்: இரத்தக்கழிச்சல். ஆம்ப்ரோலியத்தைச் சீட்டில் உள்ள அளவில் தண்ணீரில் கலந்து, வேறு தண்ணீர் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக்கூளத்தை அன்றே மாற்றுங்கள். இரண்டு நாளில் தெளிவில்லை என்றால் மருத்துவர்.

பெட்டை, வால் தாழ்ந்து நிமிர்ந்து நின்று முக்குகிறது: முட்டை சிக்கியிருக்கலாம். 38 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வயிறு நனைய 20 நிமிடம் உட்காரவைத்து, துவட்டி, இருட்டான சூடான பெட்டியில் விடுங்கள். சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவர். உள்ளே முட்டையை உடைக்கவே கூடாது.

மார்பருகே தீனிப்பை நிறைந்திருக்கிறது: மாலையில் நிறைந்திருப்பது இயல்பு. தீனி போடும் முன் விடியலில் தொட்டுப் பாருங்கள், அப்போது காலியாக இருக்க வேண்டும். கல்போல் இருந்தாலும், புளித்த வாடையோடு தளும்பினாலும் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். ஒரு நாளில் இறங்கவில்லை என்றால் மருத்துவர். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

தும்மல், கரகரப்பு, திடீர்ச் சாவு

கூட்டுக்குள் குனிந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சிழுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா. கூளம் மாற்றி, கோழித்தலைக்கு மேலே காற்று போக வழி வைத்தாலே பல தும்மல் நின்றுவிடும். முகம் வீங்கி, மூக்கில் நாற்றச்சளி என்றால் தனியே அடைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஓரிரு நாளில் பல கோழி செத்து, கழுத்து முறுக்கல், பச்சை வெள்ளைக் கழிச்சல், கருநீலக் கொண்டை இவற்றில் எதுவானாலும் தெரிந்தால் வெள்ளைக்கழிச்சலோ பறவைக்காய்ச்சலோ. வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். ஆடு ஒன்று எந்த அறிகுறியும் இல்லாமல் செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வடிந்தாலும் இதே விதி. அது அடைப்பானாக இருக்கலாம், உடலைத் திறந்தால் மனிதருக்கும் தொற்றும்.

புதிதாக ஒன்று வந்தபின் ஒவ்வொன்றாகச் சுணங்குகின்றன

காரணம் அந்தப் புதியதுதான். இப்போது செய்ய முடிந்தது, நலமாக உள்ளவற்றுக்கு முதலில் தீனி வைத்து, நோயுற்றவற்றிடம் கடைசியாகப் போவது. செருப்பும் வாளியும் தனித்தனியாக வைப்பது. மருத்துவரை ஒரே வருகையில் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வது. அடுத்த முறை ஆடு வாங்கினால் 30 நாள் தனிக் கொட்டில், மூக்கோடு மூக்கு உரச முடியாத தூரம். கோழிக்கும் அதேபோல் 30 நாள்.

வாங்கும் இடத்தில் ஆட்டின் இமை, வாலடி, நான்கு குளம்பு, மடியின் இரு பக்கமும் சமமாக மெத்தென்று இருக்கிறதா, தாடைக்கீழோ கழுத்திலோ கட்டி உண்டா என்று பாருங்கள். வயதைப் பல்லில் பாருங்கள்: இரண்டு பல் என்றால் ஒன்றரை வயதுக்கு அருகில், நான்கு என்றால் இரண்டு, எட்டுப் பல்லும் சேர்ந்தால் நான்கு வயது. விற்பவர் கொடுத்த தடுப்பூசித் தேதியையும், அங்கே தின்ற தீவனத்தின் ஒரு வாரப் பங்கையும் கூடவே வாங்கி வாருங்கள்.